3 ஓட்டில் கவிழ்ந்த ராட்சத சூதாட்ட விடுதி!

மந்திரி போட்ட உத்தரவை மேல்-சபை மடக்கியது எப்படி?
இங்கிலாந்து பாராளுமன்றத்தில் நடந்த பரபரப்பு

(நமது நிருபர்)

இங்கிலாந்தின் முதலாவது ராட்சத சூதாட்ட விடுதியை மான்செஸ்டர் நகரில் திறக்க மந்திரி உத்தரவு தயாரித்தார். கீழ்-சபை "சரி" என்றது. மேல்-சபை "முடியாது" என்றது. வித்தியாசம் வெறும் 3 ஓட்டு! அந்த 3 ஓட்டில் பல கோடி பவுண்டு திட்டம் மண்ணைக் கவ்வியது.

இது நடந்தது 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் 28-ந் தேதி, புதன்கிழமை. அன்றைக்கு விழுந்த விடுதி இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

"மந்திரி கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு, அப்புறம் யாரு கேக்கப் போறா?" என்று டீக்கடையில் பேசுவோம் அல்லவா? கையெழுத்து மை காய்வதற்குள் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள்? யார் கேட்டார்கள்? விவரம் வருமாறு:-

ரவுடிகள் ராஜ்யம்

கதை 1960-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் சூதாட்டத்துக்குப் புதுச் சட்டம் போட்டார்கள். குதிரைப் பந்தயத்துக்குத் தெருவில் ஒளிந்து மறைந்து பணம் கட்டிய காலம் போய், 1961 மே மாதம் முதல் லைசென்சு பெற்ற பந்தயக் கடைகள் வந்தன.

ஆனால் சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக சூதாட்ட கிளப்புகள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தன. ஐந்தாறு ஆண்டில் நாடு முழுவதும் சுமார் ஆயிரம் கிளப்புகள்! எங்கே பணம் புரளுமோ அங்கே ரவுடிகள் வராமல் இருப்பார்களா?

லண்டனைக் கலக்கிய கிரே சகோதரர்கள் என்ற இரட்டையர், நகரின் பணக்காரப் பகுதியான நைட்ஸ்பிரிட்ஜில் இருந்த "எஸ்மரால்டாஸ் பார்ன்" என்ற சூதாட்ட கிளப்பைத் தங்கள் கைக்குள் கொண்டு வந்தனர். பிற்பாடு 1969-ல் கொலை வழக்கில் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஹாலிவுட் படங்களில் ரவுடி வேஷம் கட்டிய நடிகர் ஜார்ஜ் ராப்ட், லண்டனில் ஒரு சூதாட்ட கிளப்பில் விருந்தினரை வரவேற்கும் வேலையில் இருந்தார். அமெரிக்காவில் கொள்ளைக் கும்பல்களோடு அவருக்குப் பழக்கம் என்று பேச்சு. 1967-ல் "இங்கிலாந்துக்குள் கால் வைக்கக் கூடாது" என்று அவருக்குத் தடை போட்டார்கள்.

1968-ல் கடிவாளம்

பாராளுமன்றம் விழித்துக்கொண்டது. 1968-ல் கடுமையான சட்டம் வந்தது. சூதாட்டத்தைக் கண்காணிக்கத் தனி வாரியம் அமைத்தார்கள். நாட்டில் 53 இடங்களில் மட்டும்தான் சூதாட்ட விடுதி இருக்கலாம் என்று எல்லை கட்டினார்கள்.

தெருவில் போகிறவன் ஆசைப்பட்டு உள்ளே நுழைய முடியாது. முதலில் மெம்பர் ஆக வேண்டும். மெம்பர் ஆன கையோடு ஆடவும் முடியாது. 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அது 24 மணி நேரமாகக் குறைந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோபத்திலோ குடிபோதையிலோ பையில் சம்பளப் பணத்தோடு வருகிறவனை ஒரு நாள் தள்ளிப் போட்டால், பாதிப் பேர் வீட்டுக்குப் போய் விடுவார்கள். "ஆட வருகிறவனுக்கு இடம் கொடு, ஆட வராதவனைக் கூப்பிடாதே" என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்.

30 ஆண்டுக்கு மேல் இந்தக் கடிவாளம் இருந்தது.

கட்டை அவிழ்க்க முயற்சி

2001-ல் சர் ஆலன் பட் என்ற பொருளாதார நிபுணர் தலைமையில் ஒரு குழு, "காலம் மாறிப் போச்சு, பெரியவர்கள் தங்கள் பணத்தை எப்படிச் செலவு செய்தால் என்ன? கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம்" என்று அறிக்கை கொடுத்தது.

அப்போது ஆட்சியில் இருந்தது டோனி பிளேர் தலைமையிலான தொழிற்கட்சி. கலாசாரத் துறை மந்திரி டெஸ்சா ஜோவல் என்ற பெண்மணி. அவர் புதுச் சட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்.

மசோதா நகலையே முதலில் இரு சபை எம்.பி.க்களும் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று அலசியது. சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. 2004-ல் அறிக்கை தந்தது. அதற்குப் பிறகுதான் மசோதா சபைக்கே வந்தது.

வந்ததும் வெடித்தது ரகளை! "இங்கிலாந்தை லாஸ் வேகாஸ் ஆக்கப் பார்க்கிறார்கள்" என்று பத்திரிகைகள் கொதித்தன. மாதா கோவில்கள் எதிர்த்தன. ஆளுங்கட்சி எம்.பி.க்களே முணுமுணுத்தார்கள்.

முதலில் ராட்சத விடுதிகளின் எண்ணிக்கைக்கு எல்லையே சொல்லாத அரசாங்கம், பிறகு "8 போதும்" என்று இறங்கியது. 2005-ல் பொதுத்தேர்தல் நெருங்கியது. சபை கலைவதற்கு முன் மசோதாவைக் கரை சேர்க்க வேண்டும். எதிர்க்கட்சி பிடித்த பிடியை விடவில்லை. கடைசி நேர பேரத்தில் 8 என்பது 1 ஆனது! 2005 ஏப்ரல் 7-ந் தேதி சட்டம் நிறைவேறியது.

22 கிரவுண்டில் சூதாட்டம்

சட்டம் மூன்று வகை விடுதிகளுக்கு இடம் கொடுத்தது.

சிறிய விடுதி 8. ஒவ்வொன்றிலும் 80 மெஷின் வரை வைக்கலாம்.

பெரிய விடுதி 8. ஒவ்வொன்றிலும் 150 மெஷின் வரை வைக்கலாம்.

ராட்சத விடுதி 1. இதில் 1,250 மெஷின் வரை வைக்கலாம்! அந்த மெஷின்களில் விழும் பரிசுக்கு உச்ச வரம்பு கிடையாது. வாடிக்கையாளர் புழங்கும் இடமே குறைந்தது 5 ஆயிரம் சதுர மீட்டர். நம்ம கணக்கில் 22 கிரவுண்டுக்கு மேல்.

எல்லாம் சரி. இந்த ஒரே ஒரு ராட்சத விடுதி எந்த ஊருக்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊர்ப் பெயர் சட்டத்தில் இல்லை. "மந்திரி உத்தரவு போட்டு அறிவிப்பார்" என்று விட்டு விட்டார்கள்.

சட்டம் வேறு, உத்தரவு வேறு

வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பாராளுமன்றம் போடுவது சட்டம். அது வீட்டுக்குச் சுவர் எழுப்புகிற மாதிரி. உள்ளே கதவு எங்கே, ஜன்னல் எங்கே, விளக்கு எங்கே என்பதை மந்திரி தீர்மானிப்பார். அதற்குப் பெயர்தான் உத்தரவு, விதி, ஒழுங்குமுறை எல்லாம். எந்த ஊரில் விடுதி, எத்தனை மெஷின், ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு பணம் கட்டலாம் என்பதெல்லாம் இந்த வகை.

சட்டம் போடும்போது நாடே பார்க்கும். உத்தரவு போடும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஜனங்களின் பையில் கை வைப்பது பெரும்பாலும் உத்தரவுதான்!

அதனால் முக்கியமான உத்தரவுகளுக்கு இங்கிலாந்தில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். மந்திரி நகலைத் தயாரித்து இரண்டு சபையிலும் வைக்க வேண்டும். இரண்டு சபையும் சம்மதித்தால்தான் உயிர் வரும். ஒரு சபை மறுத்தாலும் செத்துப் போகும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. எம்.பி.க்கள் உத்தரவைத் திருத்த முடியாது. ஒரு வரியை அடித்து எழுத முடியாது. எடுத்தால் முழுசாக எடு, விட்டால் முழுசாக விடு! சாப்பாட்டுக் கடையில் "ரசம் மட்டும் வேண்டாம்" என்று சொல்கிற மாதிரி சொல்ல முடியாது. இலையையே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கவ்பாய் தொப்பி விவகாரம்

ஊரைத் தேர்ந்தெடுக்க, பேராசிரியர் ஸ்டீபன் குரோ தலைமையில் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். பல நகராட்சிகள் விண்ணப்பம் போட்டன. கடைசிச் சுற்றில் லண்டன் கிரீனிச், பிளாக்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ, கார்டிப், நியூகாசில், ஷெபீல்டு ஆகியவை மோதின.

இதற்கிடையே ஒரு குண்டு வெடித்தது.

கிரீனிச்சில் "மில்லேனியம் டோம்" என்ற பிரமாண்ட கூடாரம் இருக்கிறது. அங்கே ராட்சத விடுதி கொண்டு வர ஆசைப்பட்டது அமெரிக்க கோடீசுவரர் பிலிப் ஆன்சுட்சின் நிறுவனம். அதே ஆன்சுட்சின் கொலராடோ பண்ணை வீட்டில், துணைப் பிரதம மந்திரி ஜான் பிரெஸ்காட் 2005 ஜூலையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார்! 2006-ல் விஷயம் வெளியே வந்தது. கவ்பாய் தொப்பி, பூட்சு எல்லாம் பரிசாக வாங்கியதும் அம்பலம் ஆனது.

"சூதாட்ட விடுதி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை" என்று பிரெஸ்காட் மறுத்தார். எம்.பி.க்கள் தங்களுக்குக் கிடைக்கும் உபசாரங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அவர் தாமதமாகத்தான் எழுதினார். பாராளுமன்ற ஒழுங்குக் குழு விசாரித்து, "முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்" என்று முடிவு சொன்னது.

டோமுக்கு விடுதி கிடைக்கவில்லை. ஆனால் ஜனங்கள் மனதில் சந்தேகம் விழுந்து விட்டது. அதற்குப் பிறகு மந்திரிகள் சூதாட்டத்தைப் பற்றி என்ன சொன்னாலும், "இதில் யாருக்கு லாபம்?" என்ற கேள்விதான் முதலில் வந்தது.

பிளாக்பூல் கண்ணீர்

2007 ஜனவரி 30-ந் தேதி குழு முடிவை அறிவித்தது. எல்லோரும் பிளாக்பூல் அல்லது டோம் என்று நினைத்திருந்தார்கள். பெயர் வந்தது மான்செஸ்டர்!

பிளாக்பூல் அழுதது. அது கடற்கரை உல்லாச ஊர். ஒரு காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து ஒரு வாரம் தங்கிப் போகும் இடம். வெளிநாட்டுக்கு மலிவு விமானப் பயணம் வந்த பிறகு கூட்டம் தேய்ந்தது. லாட்ஜுகள் காற்று வாங்கின. ராட்சத விடுதி வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஊரே காத்திருந்தது.

"எங்க ஊருக்கு வருகிறவன் ரெயில் ஏறி, திட்டம் போட்டு வருகிறான். ஆடி முடித்து விட்டுப் போய் விடுவான். குடியிருப்புக்கு நடுவில் வைத்தால் பால் வாங்க வந்தவனும் உள்ளே நுழைவான்" என்பது பிளாக்பூல் தரப்பு வாதம்.

மான்செஸ்டர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விடுதிக்குக் குறித்த இடம் நகரின் கிழக்குப் பகுதி, கால்பந்து ஸ்டேடியத்துக்குப் பக்கம். ஆலைகள் மூடிய பிறகு வேலையில்லாமல் தவித்த வட்டாரம் அது. "ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைக்கும். யாராவது எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் போதாது, சம்பளம் வேண்டும்" என்றார்கள்.

குழு தன் முடிவுக்குச் சொன்ன காரணம் என்ன? ராட்சத விடுதி சமூகத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. அதற்கு மான்செஸ்டர்தான் தகுந்த இடம் என்றது.

எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது இந்த வார்த்தையைத்தான். "சோதனையா? ஏழைகள் குடியிருக்கும் இடத்தில் சூதாட்டத்தை வைத்து, யார் யார் கெட்டுப் போகிறார்கள் என்று பார்ப்பதா?" என்று கேட்டார்கள்.

17 ஊரும் ஒரே மூட்டையில்

மந்திரி ஜோவல் குழுவின் பட்டியலை அப்படியே ஏற்றார். ராட்சத விடுதிக்கு மான்செஸ்டர், மற்ற 16 விடுதிகளுக்கு 16 ஊர்கள். 17 பெயரையும் ஒரே உத்தரவில் கட்டினார்.

"மான்செஸ்டரைத் தனியாகப் பிரியுங்கள். மற்ற 16-க்கு நாங்கள் ஓட்டுப் போடுகிறோம்" என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். மந்திரி மறுத்தார்.

இது பழைய தந்திரம். 16 ஊர் எம்.பி.க்களும் தங்கள் ஊருக்கு வருவதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? கசப்பு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிற மாதிரி. ஆனால் தந்திரம் திருப்பி அடித்தது!

மேல்-சபையில் உத்தரவுகளை அலசிப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு உண்டு. மந்திரிகள் அனுப்பும் உத்தரவுகளைப் படித்துப் பார்த்து, "இதில் கோளாறு இருக்கிறது, சபை கவனிக்கவும்" என்று மணி அடிப்பதுதான் அதன் வேலை. அந்தக் குழு இந்த உத்தரவைப் படித்தது. மணி அடித்தது.

123 - 120

மார்ச் 28. இரண்டு சபையிலும் ஒரே நாளில் விவாதம்.

கீழ்-சபையில் அரசாங்கம் தப்பியது. ஆதரவு 274, எதிர்ப்பு 250. வித்தியாசம் 24.

மேல்-சபையில் லிபரல் ஜனநாயகக் கட்சியின் கிளெமெண்ட் ஜோன்ஸ் பிரபு எழுந்தார். "இந்த உத்தரவை ஏற்க வேண்டாம். ராட்சத விடுதிக்கு ஊரைத் தேர்ந்தெடுத்த முறை சரியா என்று இரு சபைக் கூட்டுக் குழு விசாரிக்கட்டும்" என்று தீர்மானம் கொண்டு வந்தார். கேண்டர்பரி ஆர்ச் பிஷப் ரோவன் வில்லியம்சும் எழுந்து உத்தரவுக்கு எதிராகப் பேசினார்.

மணி அடித்தது. அந்தச் சபையில் கை தூக்கி ஓட்டுப் போடுவது கிடையாது. "சம்மதம்" என்பவர்கள் ஒரு வழியாகவும், "சம்மதம் இல்லை" என்பவர்கள் இன்னொரு வழியாகவும் நடந்து போக வேண்டும். தலை எண்ணுவார்கள்.

எண்ணி முடித்தார்கள். அரசாங்கத்துக்கு ஆதரவாக 120. எதிராக 123!

உத்தரவு செத்தது. மான்செஸ்டர் மட்டும் அல்ல, அந்த மூட்டையில் கட்டியிருந்த 16 ஊரும் சேர்ந்து விழுந்தன.

மேல்-சபை மந்திரியின் உத்தரவைத் தோற்கடிப்பது அத்திப் பூ பூத்த மாதிரி. 1968-ல் ரொடீசியா மீதான பொருளாதாரத் தடை உத்தரவைத் தோற்கடித்தது. 2000-ல் லண்டன் தேர்தல் சம்பந்தமான உத்தரவு. அதற்கு அடுத்தது இந்தச் சூதாட்ட விடுதி உத்தரவுதான்.

புது பிரதமர் வைத்த பூட்டு

மூன்றே மாதத்தில் ஆட்சித் தலைமை மாறியது. டோனி பிளேர் போய் கார்டன் பிரவுன் பிரதம மந்திரி ஆனார். 2007 ஜூலை 11-ந் தேதி கீழ்-சபையில் கேள்வி நேரம். ராட்சத விடுதி பற்றிக் கேட்டார்கள். பின்தங்கிய பகுதிகளை முன்னேற்ற இதை விட நல்ல வழி இருக்கலாம் என்கிற தோரணையில் பிரவுன் பதில் சொன்னார். மான்செஸ்டருக்குப் புரிந்து விட்டது.

2008 பிப்ரவரியில் புதிய மந்திரி ஆண்டி பர்னாம் முறைப்படி திட்டத்தைக் கை கழுவினார். மற்ற 16 ஊர்களுக்கு மட்டும் தனி உத்தரவு வந்தது. அதை இரண்டு சபையும் ஏற்றன. எதிர்க்கட்சி முதலிலேயே கேட்டது இதைத்தான்!

அந்த 16-ல் ஒன்றான லண்டன் நியூஹாமில், ஸ்டிராட்போர்டு வணிக வளாகத்தில் 2011 டிசம்பரில் பெரிய விடுதி திறந்தது. புதுச் சட்டப்படி திறந்த முதல் பெரிய விடுதி அதுதான். சட்டம் போட்டு 6 ஆண்டு கழித்து!

மான்செஸ்டரில் ஸ்டேடியம் இருந்த வட்டாரம் அப்படியே கிடந்து விடவில்லை. ஸ்டேடியம் "எதிஹாட்" என்று பெயர் மாறியது. 2024-ல் அதன் பக்கத்தில் பெரிய இசை அரங்கமும் திறந்தார்கள். ஆனால் 2007-ல் வேலைக்குக் காத்திருந்தவனுக்கு 2024-ல் வந்த அரங்கம் என்ன ஆறுதல் சொல்லும்? இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நியமன எம்.பி.க்களுக்கு என்ன உரிமை?

இன்னொரு கேள்வியும் உண்டு. மேல்-சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஜனங்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர்கள் அல்ல. பெரும்பாலோர் நியமனம். 2007-ல் சிலர் பரம்பரைப் பிரபுக்களாகவும் இருந்தார்கள். சிலர் பாதிரியார்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்த கீழ்-சபை 24 ஓட்டில் ஏற்றதை இவர்கள் 3 ஓட்டில் கவிழ்க்கலாமா?

"கூடாது" என்பவர்கள் அங்கே நிறையப் பேர். "இது கவிழ்ப்பு அல்ல, 'இன்னொரு தடவை யோசி' என்று சொன்னது" என்பவர்களும் நிறையப் பேர். அரசாங்கம் நினைத்திருந்தால் மறுநாளே உத்தரவைப் பிரித்து எழுதி மறுபடி கொண்டு வந்திருக்கலாம். கொண்டு வரவில்லை. தன் எம்.பி.க்களுக்கே மனசு இல்லை என்பது அதற்குத் தெரியும்.

20 விநாடிக்கு 100 பவுண்டு

சரி, மேல்-சபை இருந்தால்தான் மந்திரியைத் தட்டிக் கேட்க முடியுமா? கீழ்-சபையும் கேட்கும் என்பதற்கு 2018-ல் நடந்தது சாட்சி.

ராட்சத விடுதி வாசலில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக இன்னொன்று வந்து விட்டது. தெருவோரப் பந்தயக் கடைகளில் சூதாட்ட மெஷின்கள்! ஒரு கடைக்கு 4 மெஷின். நாடு முழுவதும் 30 ஆயிரத்துக்கு மேல். 20 விநாடிக்கு ஒரு தடவை 100 பவுண்டு வரை கட்டலாம். நம்ம பணத்தில் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு நிமிஷத்தில் 300 பவுண்டு! பஸ்சுக்கு நிற்கிற நேரத்தில் மாதச் சம்பளம் போய் விடும். பிள்ளைகளைச் சூதாட்டத்துக்குப் பறிகொடுத்த பெற்றோர்கள் எம்.பி.க்களின் கதவைத் தட்டினார்கள்.

2018 மே மாதம் அரசாங்கம் இறங்கி வந்தது. "100 பவுண்டு இனி 2 பவுண்டு ஆகும்" என்று அறிவித்தது. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் அக்டோபரில் பட்ஜெட் வந்தபோது, "2019 அக்டோபரில்தான் அமலுக்கு வரும்" என்றார்கள். விளையாட்டுத் துறை இளைய மந்திரி டிரேசி கிரவுச் கொதித்தார். சூதாட்டத் துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. சூதாட்டத் தொல்லையால் நாளுக்கு 2 பேர் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள், தள்ளிப் போடுவதா என்று எழுதி வைத்து விட்டு நவம்பர் 1-ந் தேதி ராஜினாமா செய்தார்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பட்ஜெட் மசோதாவில் திருத்தம் கொண்டு வர எம்.பி.க்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். எதிர்க்கட்சியின் கேரலின் ஹாரிசும், ஆளுங்கட்சியின் முன்னாள் தலைவர் இயன் டங்கன் ஸ்மித்தும் ஒரே பக்கம் நின்றார்கள். ஓட்டெடுப்பு நடந்தால் தோல்வி நிச்சயம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது.

நவம்பர் 14-ந் தேதி பின்வாங்கியது. 2019 ஏப்ரல் 1 முதல் 2 பவுண்டு அமலுக்கு வந்தது. ஓட்டெடுப்பே நடக்காமல் ஜெயித்தார்கள்! 6 மாதம் மிச்சம். 6 மாதத்தில் எத்தனை சம்பளக் கவர் தப்பித்திருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

செல்போனுக்கு வந்த சூதாட்டம்

இப்போது சண்டை செல்போனுக்குள் வந்து விட்டது. 22 கிரவுண்டு விடுதியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். காத்திருக்க 24 மணி நேரமும் இல்லை, வாசலில் காவல்காரனும் இல்லை.

செல்போன் மெஷின் ஆட்டத்துக்கும் இங்கிலாந்தில் எல்லை கட்டி விட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் ஒரு ஆட்டத்துக்கு 5 பவுண்டுதான் உச்சம். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 2025 மே முதல் 2 பவுண்டு. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு விதியும் வந்தது. 1968 சட்டப்படி லைசென்சு பெற்ற பழைய விடுதிகள் 20 மெஷினுக்குப் பதில் இடத்தின் அளவைப் பொறுத்து 80 வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு கையால் இறுக்கி, இன்னொரு கையால் தளர்த்துகிறார்கள். அதனால்தான் இரண்டு கையையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நம்ம பாராளுமன்றத்தில்?

இங்கிலாந்தில் இருந்து நாம் வாங்கிக்கொண்ட முறைகளில் இதுவும் ஒன்று. மந்திரிகள் போடும் விதிகளை அலச டெல்லி லோக்சபையில் 1953-ல் இருந்தே ஒரு குழு இருக்கிறது. பெரும்பாலான சட்டங்களில், விதிகளை இரு சபையிலும் 30 நாள் வைக்க வேண்டும், சபைகள் சேர்ந்து மாற்றலாம், ரத்தும் செய்யலாம் என்று எழுதியிருப்பார்கள்.

ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மான்செஸ்டர் உத்தரவு, சபை சம்மதித்தால்தான் உயிர் பெறும். நம்ம விதிகள் பெரும்பாலும் முதலில் அமலுக்கு வந்து விடும். பிறகுதான் மேஜையில் வைப்பார்கள். யாராவது எழுந்து கேட்டால்தான் உண்டு.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் மத்திய சட்ட மசோதா 2025 ஆகஸ்டு 20-ந் தேதி லோக்சபையில் தாக்கலாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் ராஜ்யசபையிலும் நிறைவேறியது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். மூன்றே நாள்! ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் நிறைந்த தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தை வரவேற்றவர்கள் ஏராளம். ஆனாலும் நல்ல சட்டத்துக்கும் உத்தரவு உண்டு, விதி உண்டு. எந்த ஆட்டம் பண ஆட்டம், எது விளையாட்டு என்று பிரிப்பதெல்லாம் அங்கேதான் நடக்கும்.

இங்கிலாந்தில் 3 பேர் வேறு வழியாக நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது எல்லோரும் பேசியது. உண்மையில் 2 பேர் மாறி நடந்திருந்தாலே போதும், மான்செஸ்டரில் 1,250 மெஷினும் ஓட ஆரம்பித்திருக்கும். உத்தரவைப் படித்துப் பார்த்து மணி அடித்தவர்கள் இருந்ததால்தான் அன்றைக்கு ஓட்டெடுப்பு வரைக்கும் வந்தது.

உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, ரோடு, தண்ணீர், ரேஷன் கடையோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்:- "ஐயா, மேஜையில் வைத்த விதியைப் படித்துப் பார்த்தீங்களா?"